உப்போடைப் பொன்

சிவகாசி
14-2-1963

அன்பு அக்கா பஞ்சம்மாளுக்குத் தம்பி சண்முகவேல் எழுதுவது. இங்கே நான், பாலம்மாள், மச்சான், உன் மகன் அய்யாதுரை நால்வரும் மாரியம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சித்தனேந்தலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

என் காலைப் பற்றிக் கேட்டு அனுப்பியிருந்தாய். மார்கழியில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பொசுங்கியபோது பட்ட புண் மேலே ஆறிவிட்டது, உள்ளே ஆறவில்லை. கம்பு ஊன்றித்தான் ஷெட்டுக்குப் போய் வருகிறேன். முதலாளி நல்லவர், போர்மேன் வேலையை உட்கார்ந்தே பார் என்று சொல்லிவிட்டார். கால் மட்டும் சரியாக இருந்தால் நானே வந்து உன்னைக் கூட்டி வந்திருப்பேன். காரியாபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி உங்கள் ஊர் வரை நடக்க இந்தக் கால் தாங்காது.

கிணறு வற்றி, இரண்டு வருடமாக விதைத்தது முளைக்காமல் போனபின் மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது சரியான முடிவுதான். நம் கம்பெனியிலேயே லோடு ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டேன். ஆடுகளை விற்றுவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று நீ சொன்னாய். மாசி பிறந்துவிட்டது.

நேற்று காரியாபட்டி முகம்மது யூசுப் பாய் கடைக்குச் சரக்கு எடுக்க வந்திருந்தார். "ஒங்க அக்கா ஊரு உப்போடையில தங்கம் கெடக்காம்ல. ஊரே சொளகும் கையுமா ஓடைக்குள்ளதான் கெடக்கு. ஒங்க அக்காவையும் பாத்தேன்" என்றார். பிள்ளை பேச்சியை அந்த ஓடை வெள்ளம் கொண்டுபோய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் யாரும் இங்கே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பாய் வேறு யாரையோ பார்த்துவிட்டு உன்னைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆடு விற்றதும் கிளம்பு. உன் வரவை எதிர்பார்க்கும்,
சண்முகவேல்


சித்தனேந்தல்
9-3-1963

தம்பி சண்முகவேல் நூறு வயசு இருக்கவேண்டும் என்று அக்கா பஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் போடச் சொல். பாலத்துக்கு என் அன்பு.

யூசுப் பாய் பார்த்தது என்னைத்தான். ஆடு மேய்க்கிற பெத்தணன் அண்ணன் குடிக்கத் தண்ணீருக்கு ஓடையில் ஊற்றுத் தோண்டியபோது கருமணலில் ஏதோ மினுக்கியிருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ஆசாரி வந்து உரைத்துப் பார்த்துப் பொன்தான் என்றார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பட்டறையை மூடிவிட்டு வந்தவர் அவர். இப்போது பெண்சாதியோடு எங்கள் ஊரிலேயே தங்கி, ஊராருக்கு மணல் அரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

மணலைச் சல்லடையில் சலித்து, சுளகில் புடைத்து, கடைசியில் நிற்கிற கருமணலை மரவை என்கிற மரத்தட்டில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றவேண்டும். மணல் ஓரமாய் வழிந்துபோகும். அடியில் கடுகை நாலாய் உடைத்த மாதிரி ஒன்றிரண்டு நிற்கும். ஒன்றுமே இல்லை என்றால் எல்லாரும் முதல் நாளே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் யாராலும் எழ முடியவில்லை.

ஆசாரி ஒன்று சொன்னார். "பொன்னு கனமான வஸ்து தாயி. வெள்ளம் அதை ரொம்பத் தூரம் தூக்கிட்டுப் போகாது. எங்க வேகம் கொறையுதோ அங்கன போட்டுட்டுப் போயிரும். வளைவுக்கு உள்பக்கம் பாரு, பாறைக்குப் பின்னாடி பாரு, மரத்து வேருக்கு அடியில பாரு." அந்தப் பெருவெள்ளத்துக்கு அப்புறம் உப்போடையில் தண்ணீர் ஓடவே இல்லை. அது போட்டது போட்டபடியே கிடக்கிறது என்றார்.

பங்குனி கழித்து வருகிறேன். அய்யாதுரை குப்புறப் படுத்தால்தான் தூங்குவான். மல்லாக்கப் போட வேண்டாம் என்று பாலத்திடம் சொல்.

இப்படிக்கு,
அக்கா


சிவகாசி
16-4-1963

அக்காவுக்குச் சித்திரை பிறந்த வாழ்த்து. வருடப்பிறப்புக்கு நீ வந்துவிடுவாய் என்று பாலம் இரண்டு படி அரிசி கூடுதலாக வாங்கி வைத்திருந்தாள். என் கால் அப்படியேதான் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் போகிறார், பண்டல் தூக்குகிறார், சாயங்காலம் வருகிறார். நாம் நாலு கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவளுக்குப் பொன்னு வேணும்னா பொறுக்கட்டும். ஆசை தீந்தா வருவா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அய்யாதுரை நன்றாகத் தேறியிருக்கிறான். ஒரு விஷயம் உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அவன் பாலத்தை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறான். "அத்தைன்னு சொல்லுலே" என்று அவள் திருத்துகிறாள். ஆனால் முதலில் திருத்திய மாதிரி இப்போது திருத்துவதில்லை. எங்களுக்கும் பிள்ளை இல்லாத வீடு. அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வருவதுதான் எல்லாவற்றுக்கும் நல்லது.

கிடைத்தவரை போதும் என்று கிளம்பி வா.

சண்முகவேல்


சித்தனேந்தல்
25-5-1963

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம். கத்திரி வெயிலில் மணல் கொதிக்கிறது, உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது, அதனால் கடிதம் எழுதத் தாமதம்.

கூட்டம் குறைந்துவிட்டது. ஆசாரி பெண்சாதியோடு ஊருக்குப் போய்விட்டார். பெத்தணன் அண்ணன் ஆடு மேய்க்கவே போய்விட்டார். ஒரு நாள் முழுக்க அரித்தாலும் கஞ்சிக்கு ஆகாது என்று ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். நான் மேற்கே ரோட்டுப் பாலத்தடியில் தொடங்கி ஆலமரத்து வளைவு வரை முடித்திருக்கிறேன். இன்னும் கிழக்கே கண்மாய் வரை இருக்கிறது.

வைகாசி கழியட்டும். அய்யாதுரைக்கு வேர்க்குரு வந்தால் நுங்குத் தண்ணீர் தடவச் சொல்.

அக்கா


சிவகாசி
18-6-1963

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

பையன் உன்னை மறந்துகொண்டிருக்கிறான் என்று எழுதினேன். அதற்கு ஒரு வரி பதில் இல்லை. ஆலமரத்து வளைவு வரை முடித்தேன் என்று எழுதுகிறாய். என்ன அக்கா முடித்தாய்?

யூசுப் பாய் மறுபடி வந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, ஓடைக்குள்ள இப்ப ஒங்க அக்கா ஒருத்திதான். அது கெடக்கட்டும். ஊர்ல பொன்னு எடுத்தவுக அம்புட்டுப் பேரும் அந்த ஆசாரிட்ட குடுத்துட்டு எங்கடைக்கு வந்து தானியம் வாங்குனாக. ஒங்க அக்கா ஒரு மணி கூடக் குடுக்கலைன்னு ஆசாரியே ஆச்சரியப்பட்டாரு. அவுக ஆடு வித்துத்தான் சாப்பிடுறாக." நாலு மாதமாக அரித்த பொன் எங்கே? எதற்குப் பதுக்குகிறாய்? புருஷனுக்கும் பிள்ளைக்கும் தெரியாமல் உனக்கென்று ஒரு முடிச்சு எதற்கு?

அந்த ஓடை உன் மகளைத் தின்றது. இனி அதற்குள் இறங்கமாட்டேன் என்று கோடாங்கி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள் நீ. அந்த மணலிலேயே உட்கார்ந்து பொன் பொறுக்க உன்னால் எப்படி முடிகிறது? நம் வீட்டில் பிறந்தவளா நீ என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த வார்த்தைக்கு நீ என்னைத் திட்டினாலும் சரி, நேரில் வந்து திட்டு.

சண்முகவேல்


சிவகாசி
20-7-1963

அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை யூசுப் பாய் கையில் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மச்சானின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். "அவ இனிமே குடும்பத்துக்கு ஆக மாட்டா. புள்ளை சின்னப்புள்ளை. ஆவணியில ஒரு பொண்ணப் பாத்து முடிச்சிருவோம்" என்று என் வீட்டில் உட்கார்ந்தே பேசிவிட்டுப் போனார். நான் எழுந்து நின்று சத்தம் போட்டேன். மச்சான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யாதுரைக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்து இப்போது விட்டுவிட்டது. காய்ச்சலில் அம்மா அம்மா என்றான். யாரைக் கூப்பிட்டான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வரியாவது எழுது.

தம்பி


சித்தனேந்தல்
30-7-1963

தம்பிக்கு,

உன் கடிதம் இரண்டும் கிடைத்தன. சுகம் விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்.

பொன்னை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டாய். எங்கேயும் வைக்கவில்லை. கூட்டம் இருந்தபோது என் மரவையில் நின்றதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மரவையில் தட்டிவிடுவேன். இப்போது பக்கத்தில் யாருமில்லை. மணலோடு கொட்டிவிடுகிறேன்.

நான் தேடுவதும் பொன்தான். பேச்சிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் என்று நீ போட்டாயே, சிவப்புக்கல் தோடு, அது. வெள்ளம் வந்த அன்றைக்கு அவள் காதில் அதுதான் கிடந்தது.

அவள் உடம்பு கிடைக்காமலே கருமாதி செய்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு இடம் தெரியவேண்டும் என்று நினைத்தேன். இங்கேதான் கிடக்கிறாள் என்று ஒரு இடம். அதற்காகத்தான் அப்போது கரையைக் கையால் தோண்டினேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேயோட்ட என்னைக் கோடாங்கியிடம் கொண்டுபோனீர்கள். வேப்பங்குழையால் அடித்தார். "இன்னொருக்க ஓடைக்குள்ள எறங்குனா இவளைச் சங்கிலி போட்டுத்தான் வைக்கணும்" என்றார். நான் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். செய்யாவிட்டால் அன்றைக்கே கட்டியிருப்பீர்கள்.

அதன்பின் இரண்டு வருடம் ஓடைப் பக்கம் நான் திரும்பவில்லை. பிறகு பெத்தணன் அண்ணன் கையில் பொன் மினுக்கியது. ஊரே இறங்கியது, நானும் இறங்கினேன். ஏன் இறங்கினாய் என்று ஒருவர் கேட்கவில்லை. பேராசை பிடித்தவள் என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் தம்பி. பைத்தியம் என்றால் கட்டிப்போட்டுவிடுவார்கள். அதனால் பேராசைக்காரியாகவே இருந்துகொண்டேன். நீ திட்டியதுகூட எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மணலில் எலும்பு நிறைய வருகிறது. ஆட்டெலும்போ நாயெலும்போ, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதலில் ஒவ்வொன்றையும் முந்தியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மூலையில் குவிந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? எதையும் எறிய முடியவில்லை. தோடு என்றால் எனக்குத் தெரியும். அது கிடக்கிற இடத்தில் இருப்பதை அள்ளிக்கொள்வேன்.

ஆசாரி சொன்ன கணக்குப்படியே போகிறேன். வளைவுக்கு உள்பக்கம், பாறைக்குப் பின்னால், வேருக்கு அடியில். கனமான பொருளை வெள்ளம் ரொம்பத் தூரம் தூக்காது என்றார். ஆனால் பேச்சி கனமே இல்லையே. ஏழு வயசுக்கு அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி இருப்பாள். எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்று சில நாள் மண்டை சுற்றும்.

அய்யாதுரை பாலத்தை அம்மா என்று கூப்பிடுகிறான் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்கு இறங்கவில்லை. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதச் சொல்கிறாய்? அவனுக்கு அங்கே ஒரு அம்மா இருக்கிறாள். இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

உன் மச்சானுக்குப் பெண் பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் இதை மட்டும் அவரிடம் சொல்லாதே. காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோன பிள்ளையை, "மேகம் கூடுது, வீட்டுக்கு ஓடு" என்று வெறுங்கலயத்தைக் கையில் கொடுத்து அனுப்பியவர் அவர். நல்லதுக்குத்தான் அனுப்பினார். அன்றையிலிருந்து அவர் பேச்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பஞ்சம்மாள்


சிவகாசி
6-8-1963

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். திரும்ப ஷெட்டுக்குள் போக முடியவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாலத்திடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டுத் தூங்குகிற அய்யாதுரை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றையிலிருந்து அவன் அம்மா என்றால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் அழுகிறான்.

மச்சானிடம் சொல்லவில்லை. அவர் அண்ணனுக்கு மட்டும், இந்தப் பேச்சு இனி என் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தத் தோடு செய்யும்போது, பிள்ளை விளையாட்டில் தொலைத்துவிடக் கூடாது, திருகாணியை நன்றாக இறுக்கமாகப் பண்ணும் என்று இங்குள்ள ஆசாரியிடம் நான் சொன்னேன். போட்ட பிறகு கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அது தானாகக் கழலாது. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது அக்கா? தீபாவளி சீசன் முடியும்வரை முதலாளி யாரையும் விடமாட்டார். முடிந்ததும் கம்பு ஊன்றியாவது வருகிறேன்.

தம்பி


சித்தனேந்தல்
12-9-1963

தம்பிக்கு அக்காவின் அன்பு. நீயும் பாலமும் நல்லா இருக்கணும். பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால் பாலத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல். அவனை அழவிட வேண்டாம்.

திருகாணி இறுக்கம் என்று எழுதியிருந்தாய். எனக்கு இத்தனை நாளும் அந்தப் பயம்தான் இருந்தது. தோடு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போயிருந்தால் நான் என்ன செய்வேன் என்று. உன் கடிதம் வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஓடை கண்மாயில் விழுவதற்கு முன்னால் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. அது பெரிய வளைவு. பாறை படுத்துக் கிடக்கிறது, அதன் பின்னால் கருமணல் திட்டுத் திட்டாய் இருக்கிறது. வெள்ளம் மூச்சு வாங்கி நின்ற இடம் அது, பார்த்தாலே தெரிகிறது. அங்கேதான் இருப்பாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊரில் மழைக்கஞ்சி காய்ச்சினார்கள். வீட்டுக்கு வீடு தானியம் வாங்க வந்தார்கள். என் பங்குக்கு ஒரு கை கம்பு போட்டேன். எல்லாரும் வானத்தைப் பார்த்து அழுதார்கள். மூன்று வருட வறட்சி, அழத்தானே செய்வார்கள். நானும் கும்பிட்டேன். வரட்டும், ஆனால் நான் முடிச்சபிறகு வரட்டும் என்று கேட்டேன். இப்படிக் கேட்டது ஊருக்குத் தெரிந்தால் என்னைக் கல்லால் அடிப்பார்கள்.

அக்கா


சிவகாசி
29-10-1963

அன்புள்ள அக்காவுக்கு,

மழை! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்தது, இன்று செவ்வாய், இன்னும் விடவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது களத்தில் காயப்போட்ட சரக்கெல்லாம் நனைந்து முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கூலி ஆட்கள் எல்லாரும் கரிசல் காட்டுக்காரர்கள். வேலை இல்லை என்ற கவலையே இல்லாமல் தாழ்வாரத்தில் நின்று கையை நீட்டி நனைகிறார்கள். "எங்கூர்லயும் பேயுமா, எங்கூர்லயும் பேயுமா" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். காரியாபட்டிப் பக்கம் இதைவிட அதிகம் என்று பஸ் டிரைவர் சொன்னார்.

அப்புறம்தான் உன் நினைவு வந்தது.

அக்கா, அந்த வளைவை முடித்துவிட்டாயா?

தம்பி


சிவகாசி
21-11-1963

அக்காவுக்கு,

தீபாவளி போய்விட்டது. மூன்று வாரமாகப் பதில் இல்லை. யூசுப் பாயும் பாதை தண்ணீரில் கிடக்கிறது என்று உங்கள் ஊருக்குள் போகவில்லையாம்.

உன் சொல்லை மீறிவிட்டேன். நேற்று மச்சானை உட்காரவைத்து, ஆடி மாதம் நீ எழுதிய கடிதத்தை முழுக்க வாசித்தேன். அவர் நிமிரவே இல்லை. முடித்ததும், "இன்னொருக்க வாசிங்க மாப்பிள்ளை" என்றார். மறுபடி வாசித்தேன். எழுந்து கம்பெனிக்குப் போய் அன்றைய லோடு முழுவதையும் வழக்கம்போல ஏற்றினார். வந்து குளித்தார். "காரியாபட்டிக்கு மொத பஸ்ஸு எப்ப?" என்றார்.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவரோடு வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

சண்முகவேல்


காரியாபட்டி
5-12-1963

மாப்பிள்ளை சண்முகவேலுக்குக் கருத்தப்பாண்டி எழுதுவது. தங்கச்சி பாலத்தையும் அய்யாதுரையையும் விசாரித்ததாகச் சொல்லவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. யூசுப் பாய் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் எழுதித் தருகிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் போனபோது வீட்டில் ஆள் இல்லை. மூலையில் எலும்புக் குவியல் மட்டும் ஒரு சேலைத்துணியால் மூடிக் கிடந்தது. கண்மாய்க் கரையில் பார் என்றார்கள். போனேன். கண்மாய் பெருகி மறுகால் போகிறது. மூன்று வருடத்துக்கு அப்புறம் என்று ஊரே கரையில் நின்று பார்க்கிறது. அவள் தனியாகத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். மெலிந்து கைகால் எல்லாம் குச்சியாகிவிட்டது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "பாதி வளைவுதான் பாக்கி இருந்துச்சு" என்றாள். பாறைக்குப் பின்னால் மூன்று திட்டில் இரண்டை முடித்திருக்கிறாள். மழை பிடித்த அன்று மூன்றாவதில் இருந்திருக்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை ஏறவில்லையாம். பெத்தணன் அண்ணன் முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாராம்.

மாப்பிள்ளை, அந்த நாளுக்குப் பிறகு நான் ஓடைப் பக்கம் போனதில்லை. நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அது முழுக்கச் சரி. நான் அவளிடம், நீ தேடின இடத்தையெல்லாம் எனக்குக் காட்டு என்றேன். பாலத்தடியிலிருந்து கண்மாய் வரை கரை வழியாகவே கூட்டிப்போனாள். கீழே தண்ணீர் ஓடுகிறது, மணல் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிகிறது. "இங்கன ஒரு வேரு இருந்துச்சு, அதுக்கு அடியில பாத்தேன். இங்கன ஒரு குழி, நெஞ்சளவு தோண்டுனேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

புது வெள்ளம் பழைய மணலையெல்லாம் புரட்டிக் கண்மாய்க்குள் தள்ளிவிட்டது என்று பெத்தணன் அண்ணன் சொன்னார். தேடின இடம், தேடாத இடம் என்று இனி ஒன்றும் கிடையாது. இது அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. திரும்பக் கண்மாய்க் கரைக்கு வந்ததும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைக்கு நீச்சல் தெரியாதே" என்றாள். "பேச்சி" என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடம் கழித்து அந்தப் பேர் என் வாயிலிருந்து வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் அண்ணன் வந்து, ஈரம் காயுமுன் கடலையாவது விதை, ஊரே விதைக்கிறது, நீ மட்டும் நிற்கிறாயே என்று சத்தம் போட்டார். நிலத்தை இந்த வருடம் அவருக்கே பங்கு வாரத்துக்கு விட்டுவிட்டேன். எனக்கு அந்தக் காட்டில் கால் வைக்க முடியவில்லை.

பத்து நாளாகப் பேசிப் பார்த்தேன். நேற்றுத்தான் வருவதாகச் சொன்னாள். "தண்ணி வத்துனதும் என்னைத் திரும்பக் கூட்டிட்டு வருவீகளா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். "சும்மா சொல்றீக" என்றாள். இல்லை, நானும் உன்கூட இறங்குவேன் என்றேன். பிறகு வீட்டுக்குள் போய்ப் பயணத்துக்குச் சேலையை மடித்து வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். அய்யாதுரையிடம் இதுதான் உன் அம்மா என்று யாரும் சொல்லவேண்டாம். அவன் எப்படிக் கூப்பிடுகிறானோ கூப்பிடட்டும். தங்கச்சி பாலம் எப்போதும்போல இருக்கட்டும்.

கண்மாய் வற்ற மாசி ஆகும் என்கிறார்கள். கண்மாய் பெரிசு, இரண்டு பேர் அரித்தாலும் ஒரு வருடத்தில் முடியாது. மாசி, பங்குனி, சித்திரை எனக்கு லீவு வேண்டும். ஆர்டர் அதிகம் வருகிற மாதம் என்று எனக்குத் தெரியும். முதலாளியிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காரணம் கேட்டால் ஊரில் பொன் எடுக்கப் போகிறான் என்று சொல்லுங்கள்.

கருத்தப்பாண்டி